தீயணைப்பு நிலையத்தின் ஆட்பலமும் பஞ்சாயத்தின் பொறுப்பும்

சேலம், நாமக்கல் சமவெளியில் கோடை பிறந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்தார்க்கு ஓய்வென்பதில்லை. வைக்கோற்போர் எரிந்தாலும், கரும்பில் தீப்பற்றினாலும், கிணற்றில் பசு விழுந்தாலும், வீட்டில் பாம்பு புகுந்தாலும் அழைப்பு அவர்களுக்கே செல்கிறது.

நிலையத்தின் ஆட்பலமோ அளவுபட்டது. வண்டி ஓட்டுபவர், பம்பை இயக்குபவர், குழாய் பிடிப்பவர், நடத்தும் அலுவலர் ஆகிய யாவரும் சேர்ந்தே புறப்படவேண்டும். அக்குழுவினர் ஒரு கிணற்றடியில் கயிறு பிடித்து நிற்கையில் வேறோர் ஊரில் குடிசை பற்றினால், அடுத்த நிலையத்து வண்டியே தொலைவிலிருந்து வரவேண்டியதாகும். அதற்குள் கூரை சாம்பலாகிவிடும்.

சிப்பந்திகளைக் கூட்டுவது அரசாங்கத்தின் கடமை. தவிர்க்கத்தக்க அழைப்புகளைக் குறைப்பது நம் கடமை. கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்புங்கள். கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை அடிமுதல் தரைமட்டம்வரை மண்ணிட்டு நிரப்பவேண்டுமென உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டிலேயே பணித்துள்ளது. வைக்கோற்போரை வீட்டிற்கும் மின்கம்பிக்கும் விலக்கி அமையுங்கள். கரும்புச் சோகையைக் கொளுத்தாது வயலிலேயே மக்கச் செய்யுங்கள்.

ஆபத்து நேர்ந்தால் 101 அல்லது 112 எண்ணில் அழைத்து, ஊர்ப்பெயர், அடையாளம், வண்டி செல்லும் பாதை, அருகில் நீர் நிரப்பத்தக்க கிணறு ஆகியவற்றைத் தெளிவாகக் கூறுங்கள். ஜனவரி 26-இல் கூடும் கிராம சபையில், கோடைக்கு முன்னரே, பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றுவார்களாக.