எதிர்வீட்டுக் கோலமும் எங்கள் வீட்டு மணியும்

எங்கள் வீட்டு மணிக்கு நான்கு வயது. வெளுப்பும் பழுப்புமாய் ஒரு சாதாரண நாட்டு நாய். "நானே பார்த்துக்கறேம்மா, உனக்கு ஒரு வேலையும் வைக்க மாட்டேன்" என்று தலையிலடித்துச் சத்தியம் செய்துதான் என் மகன் அதைக் குட்டியாகத் தூக்கி வந்தான். நாய் வளர்க்கிற எந்த வீட்டில்தான் சங்கிலி கடைசியில் அம்மா கைக்கு வராமல் இருந்திருக்கிறது, சொல்லுங்கள்!

வெயில் ஏறிவிட்டால் தார் ரோட்டில் அதன் பாதம் வெந்துவிடும் என்பதால் காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவேன். தெருவில் எல்லா வீட்டு வாசலும் தெளித்து, கோலம் போடுகிற நேரமும் அதுதான். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி. எதிர்வீட்டு அக்கா இருபத்தொரு புள்ளிக் கோலம் போட்டு, செம்மண் கரை கட்டி, அப்போதுதான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். நான் பால்காரருக்குச் சில்லறை எண்ணிக் கொண்டிருந்தேன். சங்கிலி கையில் தளர்ந்தது தெரியவில்லை. மணி நேரே போய், கோலத்தின் நடுவில் சாணிப் பிள்ளையார்மேல் இருந்த பூசணிப்பூவை முகர்ந்து பார்த்துவிட்டு, காலைத் தூக்கிவிட்டது.

அக்கா திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டு வந்து ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"நாய்னா அப்படித்தான் இருக்கும். இதுக்குப் போயா?" என்றார் என் கணவர். எனக்கும் உள்ளூர அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த வீட்டுக் கறிவேப்பிலை மரத்தை நம்பித்தான் எங்கள் வீட்டுத் தாளிப்பு நடந்து வந்தது. மூன்று வாரம் கறிவேப்பிலையைக் கடையில் வாங்கினேன். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்காவின் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தியே காய்கறிக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில் தடுப்பூசிக்காக மணியைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனேன். "பூச்சி மருந்து கடைசியா எப்ப கொடுத்தீங்க?" என்று கேட்டார். விழித்தேன். நாயின் குடலில் இருக்கும் உருண்டைப் புழுவின் முட்டைகள் அதன் மலத்தோடு வெளியே வருமாம். அன்றைக்கே எடுத்துவிட்டால் பயமில்லை. மண்ணில் இரண்டு, மூன்று வாரம் கிடந்தால்தான் அவை நோய் தரும் பக்குவத்துக்கு வருகின்றன. அதன்பின் மாதக்கணக்கில் அந்த மண்ணிலேயே இருக்கும். தவழுகிற குழந்தை மண்ணைத் தொட்டு விரலை வாயில் வைத்தால் உள்ளே போய், ஈரல், சில சமயம் கண் வரைக்கும் பாதிக்கலாம் என்றார்.

எதிர்வீட்டுப் பேரன் இன்னும் எட்டு மாதத்தில் அதே வாசலில் தவழப் போகிறான். எனக்குப் பகீர் என்றது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பழக்கமே மாறிவிட்டது. வெளியே கிளம்பும் முன் கொல்லைப்புறத்தில் பத்து நிமிஷம் விட்டு, மணி தன் காரியங்களை அங்கேயே முடித்துக்கொள்ளப் பழக்கினேன். பழக ஒரு மாதம் பிடித்தது, பொறுமை வேண்டும். அப்படியும் தெருவில் இருந்துவிட்டால் பழைய செய்தித்தாளில் எடுத்து வந்துவிடுவேன். வெட்கமாகத்தான் இருந்தது முதல் நாலு நாள். நியூயார்க் நகரத்தில் 1978-லேயே இதைச் சட்டமாக்கிவிட்டார்கள். அங்கேயும் முதலில் முணுமுணுத்திருப்பார்கள்! எடுத்ததைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் விடுங்கள், காகிதம் குப்பைக்கு. மாட்டுச் சாணம் மாதிரி இதுவும் உரம்தானே என்று கீரைப் பாத்தியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

கையில் ஒரு பாட்டில் தண்ணீரும் உண்டு. மூலை வீட்டுக்காரர் ஆசையாய்ப் புல்தரை வளர்க்கிறார். நாயின் சிறுநீரில் இருக்கும் தழைச்சத்து ஒரே இடத்தில் அதிகமாக விழுவதால் புல் வட்டமாகக் கருகிவிடுகிறது. உடனே நிறையத் தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வாசல்களைக் கடக்கும்போது சங்கிலியைக் குட்டையாகப் பிடித்து, நாய்க்கும் வாசலுக்கும் நடுவில் நாம் நடக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் கையில் சங்கிலியைக் கொடுத்து அனுப்பாதீர்கள்; தெருநாய் ஒன்று குரைத்தால் போதும், பிள்ளையை இழுத்துத் தள்ளிவிடும்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாதத்தில் போட்டு, பிறகு வருடந்தோறும் தவறாமல் போட வேண்டும். எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், மஞ்சள், சுண்ணாம்பு, காப்பிப்பொடி என்று அப்பாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று என் மாமியார் இன்னமும் பயமுறுத்துகிறார். அதெல்லாம் நம் நாட்டில் 2004-ஓடு போயிற்று. இப்போது கையில் போடுகிற சில ஊசிகள்தாம். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

இவ்வளவும் செய்தேனே தவிர, அக்காவிடம் போய் நிற்கத் தைரியம் வரவில்லை. குழந்தைக்கு நாற்பதாம் நாள் முடிந்ததும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு சட்டையும் பூவும் வாங்கிப் போனேன். "மன்னிச்சுக்குங்கக்கா" என்று ஆரம்பித்ததும், "நாய் என்னம்மா பண்ணும், வாயில்லா ஜீவன். நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னுதான் பார்த்தேன்" என்றார். என்னால் பதில் பேச முடியவில்லை.

பழைய மாதிரி ஒட்டுறவு வர இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று. போன மார்கழியில் ஒரு நாள் சங்கிலியைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சாரியாகப் போனேன். பேரன் நிலைப்படியில் நின்று "மண்ணி, மண்ணி" என்று கையாட்டினான். அக்கா குனிந்த தலை நிமிராமல் கேட்டார்: "ஊசி போட்டாச்சா அதுக்கு?"

"போன வாரமே போட்டாச்சுக்கா."

"சரி, அந்தப் பக்கமாவே போ. செம்மண் இன்னும் காயலை."