பழைய கடிகாரத்தைச் செப்பஞ் செய்தல்

தமிழ் பயிலும் மாணவனுக்குக் கடிகாரத்தோடு என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தனர். என்னைப்போல் ஒன்றும் அறியாது இவ்வேலையைத் தொடங்குவோர் இரண்டொருவரேனும் இருத்தல் கூடும். அவர்பொருட்டு, சென்ற விடுமுறையில் யான் கற்றதை ஈண்டு எழுதுகின்றேன்.

எங்கள் வீட்டுக் கூடத்திலுள்ள மேசைக் கடிகாரம், குளிர்நாட்டார் கணப்பின்மேலுள்ள பலகையில் வைத்தற்பொருட்டு அமெரிக்காவிலுள்ள கனெக்டிகட் மாகாணத்திற் செய்யப்பெற்றது. அம்மாகாணத்தார் பித்தளைத் தகட்டை அச்சில் வெட்டி மலிவாகச் சக்கரங்கள் செய்யக் கற்றபின், அவர்தம் கடிகாரங்கள் கடல் கடந்து பரவின. 1842இல் சான்சி ஜெரோம் என்பவர் இங்கிலாந்திற்கு அனுப்பியபோது, குறித்த விலை நம்பத்தகாத அளவு குறைந்ததென்று ஐயுற்ற சுங்க அதிகாரிகள் அவ்விலையையே கொடுத்துச் சரக்கைத் தாமே வாங்கிக்கொண்டனராம். அவர் மகிழ்ந்து மேலும் அனுப்பினார்!

எங்கள் வீட்டிற் கணப்பு ஏது? தேக்கு அலமாரியின் மேல் அது நின்றது. பாட்டனார் சனிக்கிழமை இரவுதோறும் அதற்குச் சாவி கொடுப்பார். அவர் காலஞ்சென்ற கிழமையிலேயே அது நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் ஒருவர், "சாவியை அளவுக்கு மேல் முறுக்கிவிட்டார்கள், உள்ளிருப்பதை எறிந்துவிட்டு மின்கலப் பொறி வைத்துத் தருகிறேன்" என்றார். பாட்டியார் இசையவில்லை. "அவர் கடைசியாகக் கொடுத்த சாவி அதற்குள் இருக்கிறதடா" என்றார்.

பாட்டியார் கூற்று இயந்திர நூற்படியும் உண்மையே. சாவி கொடுத்தலாவது சுருள்வில்லில் நம் கையின் வலிமையைச் சேமித்து வைத்தல். வில் முற்றும் இறுகுதல் குற்றமன்று. எட்டு நாளைக்கொருமுறை சாவி கொடுக்கும் கடிகாரம் வாரந்தோறும் அவ்வாறே இறுக்கப்படுகின்றது. இறுகிய வில் இருந்தும் கடிகாரம் ஓடாதெனின், அவ்வலிமை ஊசலை எட்டுமுன் வழியில் எங்கோ தடைப்படுகின்றது என்பதே பொருள்.

இதனை உணராமுன் யான் பெரும்பிழை ஒன்று செய்யவிருந்தேன். சக்கரங்களைத் தாங்கும் இரு பித்தளைத் தகடுகளையும் பிரிப்பதற்கு மூலைத் திருகில் திருப்புளியை வைத்தேன். மாமா என் கையைப் பற்றிக்கொண்டார். வில் இறுகியிருக்கையில் தகட்டைப் பிரித்தால், சேமித்த வலிமை முழுவதும் ஒரு நொடியில் வெளிப்பட்டுச் சக்கரப் பற்களையும் பிரிப்பவன் விரல்களையும் சிதைத்துவிடும். முதலில் வில்லைத் தளர்த்தல் வேண்டும். சாவியை இறுகப் பிடித்துத் தடைநாக்கைச் சிறிது விலக்கி, அரைச் சுற்று அரைச் சுற்றாகக் கைக்குள்ளேயே விடுதல் வேண்டும். ஆனால், அவ்வாறு தளர்த்தினால் பாட்டனார் கொடுத்த சாவி வீணே கழிந்துபோமன்றோ? பாட்டியார் நெடுநேரம் பேசாதிருந்து, "அது ஓடித் தீரட்டுமே" என்றார்.

ஆகவே, பிரிக்காமலே ஓட்டுவிக்க முயன்றேன். ஊசலை ஆட்டிச் செவிசாய்த்தேன். 'டிக்'கிற்கும் 'டாக்'கிற்கும் இடைவெளி ஒத்திருக்கவில்லை. நொண்டுவான் நடைபோல் ஒலித்தது. கடைசிப் பற்சக்கரத்தின்மேல் நங்கூரம் போன்ற இரும்பு ஒன்று உண்டு. ஊசல் ஒருபுறம் செல்கையில் அதன் ஒரு முனை பல்லை விட, மறுமுனை வேறொரு பல்லைப் பற்றும். விடுபடும் பல் ஊசலைச் சிறிது உந்தியே செல்லும். கடிகாரம் சாய்ந்திருப்பின் இருபுறத்து ஆட்டமும் ஒவ்வாது, உந்துதல் போதாமல் ஊசல் நின்றுவிடும். இதனைப் பாட்டியாரிடம் விளக்கியபொழுது, "இடக்காலின் கீழ் ஓர் அட்டைத் துண்டு வைத்திருப்பாரே! வெள்ளையடித்தபோது எடுத்தெறிந்திருப்பார்கள்" என்றார். அட்டையை மடித்து வைத்தேன், ஒலி ஒத்தது. அங்ஙனம் ஒவ்வாதாயின், ஊசலை அசைக்கும் கம்பியை மயிரிழையளவு வளைத்தல் வேண்டும்.

மூன்று மணிநேரம் ஓடி மீண்டும் நின்றது. அச்சு முனைகள் சுழலும் துளைகளிற் பழைய எண்ணெய் கரும்பிசினாகியிருந்தது. எவரோ தேங்காயெண்ணெய் இட்டிருத்தல் வேண்டும். மார்கழியில் அஃது உறைவதை யாரே அறியார்? கூரிய குச்சியாலும் பஞ்சாலும் எட்டியமட்டும் துடைத்து, கடிகாரத்திற்குரிய எண்ணெயை ஊசிமுனையால் துளைக்கொரு துளி வைத்தேன். பற்களுக்கு எண்ணெய் ஆகாது. தூசி ஒட்டித் தேய்வுண்டாக்கும். பிசினைக் களையாது புதிய எண்ணெய் இடுதல் அரைவேலையே என்று வல்லுநர் கூறுவர், யானும் உடன்படுகின்றேன்.

எனினும் ஓடிற்று! மணியடிப்பதுதான் தாறுமாறு, ஒன்பதிற்கு நான்கு அடித்தது. இவ்வகையில், எத்தனை அடி என்பதை வெட்டுகளுடைய தனிச் சக்கரமொன்று வரிசையாக எண்ணிச் செல்லும். முள் காட்டுவதை அஃது அறியாது. அரைமணிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு மணிநேரத்தில் 90 அடிகள். அதன் நெம்புகோலை உயர்த்தி உயர்த்தி அடிக்கவிட்டு முள்ளோடு பொருத்தினேன். பெரிய முள்ளைப் பின்னோக்கித் திருப்பலாகாது.

நாளொன்றுக்கு ஒரு நிமிடம் பிந்திற்று. எங்கள் ஊசல் ஏறக்குறைய ஆறங்குலம். அதனை மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்கு சுருக்கினாலே அக்குறை தீரும். ஆதலின் ஊசற்குண்டின் கீழுள்ள திருகை மிகச் சிறிதே திருப்பினேன்.

ஆறாம் நாள் மாலை ஊசலாட்டம் குறுகி நின்றது. பாட்டியார் அருகிலேயே அமர்ந்திருந்தார். மறுநாள் மாமாவும் யானும் இரு விற்களிலும் எஞ்சியிருந்த இறுக்கத்தைத் தளர்த்தி, தகடுகளைப் பிரித்து, ஒவ்வொரு துளையையும் முறைப்படி தூய்மை செய்தோம். எந்தச் சக்கரம் எங்கிருந்ததென்று பிரிக்குமுன் படம் எடுத்துவைத்தமையால் பிழைத்தோம்.

புதிய சாவியைப் பாட்டியாரே கொடுத்தார். எத்தனை சுற்றுக் கொடுக்கலாம் என்று அஞ்சி வினவினார். "இறுகி நிற்கும்வரை கொடுக்கலாம், பாட்டி" என்றேன்.