பிழைவேட்டை – 14: ‘நில்’ என்பது யார் காதில் விழுகிறது?

போன வாரம் பிரேக்பாயின்ட்டைப் பார்த்தோம்: ஒரு பைட்டை மாற்றி வைத்துவிட்டு, புரோகிராம் தானாக வந்து அதில் இடறும்வரை காத்திருப்பது. இந்த வாரம் அதற்கு நேர்மாறு. எங்கே புள்ளி வைப்பதென்றே தெரியவில்லை. புரோகிராம் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது உறைந்து கிடக்கிறது. டிபக்கரிலிருந்து ‘இப்போதே நில்’ என்று சொல்ல வேண்டும். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றையும் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். விண்டோஸே பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பொத்தானை அழுத்தினோம், புரோகிராம் நின்றது; ஆகவே டிபக்கர்தான் அதை நிறுத்தியது என்று நினைக்கிறோம். விண்டோஸில் நடப்பது வேறு. எக்ஸ்பியில் அறிமுகமான டிபக்பிரேக்ப்ராசஸ் என்ற அழைப்பு, ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸுக்குள் புதிதாக ஒரு த்ரெட்டை உருவாக்குகிறது. அந்தத் த்ரெட்டுக்கு ஒரே வேலைதான்: பிரேக்பாயின்ட் கட்டளையில் போய்த் தானே இடறுவது. இடறியதும் டிபக்கருக்குச் செய்தி போகிறது, மற்ற த்ரெட்டுகளும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. ஆகவே விண்டோஸ் டிபக்கரான விண்டிபிஜியில் பிரேக் கொடுத்தவுடன் திரையில் தெரிவது நம் புரோகிராமின் த்ரெட் அல்ல, நம்மை உள்ளே விட வந்த விருந்தாளி. பிரேக்பாயின்ட்டில் இடறியதைக் குறிக்கும் 80000003 என்ற எண்ணைப் பார்த்துப் புரோகிராம் செத்துவிட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. டில்டா, சைபர், எஸ் என்று தட்டி முதல் த்ரெட்டுக்குப் போன பிறகுதான் உண்மையான விசாரணையே தொடங்குகிறது.

அந்த விருந்தாளியும் வாசலில் மாட்டிக்கொள்வதுண்டு. விண்டோஸில் டிஎல்எல்களை ஏற்றி இறக்கும் வேலைக்கு லோடர் லாக் என்று ஒரு பூட்டு இருக்கிறது. அதைப் பிடித்தபடி ஏதாவது ஒரு த்ரெட் உறைந்துவிட்டால், புதிதாக வரும் த்ரெட் ஓடத் தொடங்கும் முன்பே அதே பூட்டுக்காகக் காத்து நிற்க நேரும். விண்டிபிஜி 30 விநாடி பொறுத்துப் பார்க்கும். பிறகு நேரம் கடந்துவிட்டது என்றும், வேறொரு த்ரெட் லோடர் லாக்கைப் பிடித்திருப்பதே வழக்கமான காரணம் என்றும் எச்சரித்துவிட்டு, எல்லாத் த்ரெட்டுகளையும் அப்படியப்படியே முடக்கும். அந்த எச்சரிக்கை வரியே பாதி நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுகிறது. அதைப் படிக்காமல் கடந்து போகாதீர்கள்.

அப்படியானால் முதலிலேயே முடக்கிவிடலாமே, யாருக்கு எப்போது சிபியு என்று தீர்மானிப்பதே ஓஎஸ்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் விண்டோஸ் டிபக்கர் ‘நிகழ்வு’க்காகக் காத்திருக்கும் அமைப்பு. வெறுமனே முடக்கினால் நிகழ்வு எதுவும் பிறக்காது. விருந்தாளி இடறினால் பிறக்கும். நிறுத்தும் வழியே அடைபடும் இதே சிக்கல் யுனிக்ஸிலும் வேறு உருவில் வருகிறது. அங்குள்ள டிபக்கரான ஜிடிபிக்குள் தொடங்கிய புரோகிராம் ஓடும்போது கன்ட்ரோல்-சி அழுத்தினால், டெர்மினல் டிரைவர் சிக்இன்ட் சிக்னலை முன்னணியில் இருக்கும் புரோகிராமுக்கே அனுப்புகிறது, ஜிடிபிக்கு அல்ல. டிபக்கர் பயன்படுத்தும் பீட்ரேஸ் என்ற சிஸ்டம் கால் வழியான கண்காணிப்பு இருப்பதால், சிக்னல் புரோகிராமின் கையில் சேரும் முன் கெர்னல் புரோகிராமை நிறுத்தி ஜிடிபிக்குச் சொல்கிறது. (கன்ட்ரோல்-சி என்பது 3 என்ற எண், சி மூன்றாவது எழுத்து. 1979-இன் ஏழாம் பதிப்பு யுனிக்ஸில் இந்த வேலையைச் செய்தது டெலிட் விசை. தொலைவிலுள்ள கருவியை ஜிடிபி நிறுத்தும்போதும், பாக்கெட் உறை எதுவும் இல்லாமல் அந்த 3-ஐ மட்டுமே அனுப்புகிறது.) ஆனால் புரோகிராம் சிக்இன்ட்டைத் தடுத்து வைத்து, சிக்வெயிட் மூலம் தானே எடுத்துக்கொள்வதாக எழுதப்பட்டிருந்தால்? கெர்னல் குறுக்கிடும் கட்டமே வராது. நிற்க வேண்டிய புரோகிராம் கடையைக் கட்டிக்கொண்டு வெளியேறிவிடலாம். வேறொரு டெர்மினலிலிருந்து, யாராலும் தடுக்க முடியாத சிக்ஸ்டாப்பை அனுப்புவதே அங்கே கைகொடுக்கும்.

இவையெல்லாம் அபூர்வமாக நேர்பவை என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரேக் பொத்தானை நாம் தேடுவதே பெரும்பாலும் புரோகிராம் பூட்டிக்கொண்டு நிற்கும்போதுதான். அந்த வழி அடைபடுவதும் அதே வேளையில்தான். நிறுத்தம் தடயமும் விடுகிறது. லினக்ஸில் டிபக்கர் இணையும்போது எழும் சிக்னலை அதுவே விழுங்கிவிட்டால்கூட, ஈபோல்-வெயிட்டில் தூங்கிக்கொண்டிருந்த புரோகிராம் ‘குறுக்கிடப்பட்டது’ என்ற பிழையோடு விழித்துக்கொள்ளலாம் என்று பீட்ரேஸின் கையேடே ஒப்புக்கொள்கிறது. அந்தப் பிழையைச் சரியாகக் கையாளாத புரோகிராம், டிபக்கரை இணைத்த பிறகுதான் கெட்டுப்போகும். நாம் அதைப் பழைய பிழை என்று நினைத்துத் துரத்துவோம். 2012-இல் லினக்ஸ் 3.4 கொண்டுவந்த பீட்ரேஸ்-சீஸ், பீட்ரேஸ்-இன்டரப்ட் இரண்டும் சிக்னலே அனுப்பாமல் இணையவும் நிறுத்தவும் வழி செய்தன.

மேக்கின் அடியில் இருக்கும் மாக் கெர்னலோ, ஒரு டாஸ்க்கை, அதாவது ப்ராசஸை, எத்தனை முறை நிறுத்தினோம் என்று எண்ணி வைத்துக்கொள்கிறது. இரண்டு முறை நிறுத்தியதை ஒரு முறை விடுவித்தால் அது ஓடாது. அந்தக் கணக்கு அடுத்த வாரம்.

(தொடரும்)