அடமா, பட்டினியா?

“சாப்பிட மாட்டேன்னு அடம் பிடிக்கிறா.” எங்கள் உறவில் பதினாறு வயசுப் பெண் ஒருத்தி மெலிந்துகொண்டே போனபோது நாங்கள் எல்லோரும் சொன்னது இதுதான். கெஞ்சினோம், அதட்டினோம். ரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை என்றதும், ‘அப்போ திமிர்தான்’ என்று முடிவே கட்டிவிட்டோம். அவளுக்கு இருந்தது அனோரெக்சியா நெர்வோசா என்று தெரிய எட்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகு படித்ததை இங்கே குறித்துவைக்கிறேன். நான் மருத்துவன் இல்லை, கணினிக்காரன். இதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கண்ணைத் திறந்தது நோயாளிகளைப் பற்றிய ஆய்வு அல்ல. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் தொடங்கிய பட்டினிச் சோதனை. போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிவதுதான் நோக்கம். கலந்துகொண்டவர்கள் 36 இளைஞர்கள். போரிட மறுத்து, இதற்குத் தாங்களாகவே முன்வந்தவர்கள். உடலும் மனமும் திடமானவர்களாகப் பார்த்து எடுத்தார்கள். 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போனது.

அவர்களில் யாருக்கும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை கிடையாது. ஆனாலும் நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகம் சேர்த்தார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் பிசைந்து பிசைந்து தின்றார்கள். நாடி தளர்ந்தது, எப்போதும் குளிர் எடுத்தது. எரிச்சல், சோர்வு, யாரோடும் பேசப் பிடிக்காமை. எங்கள் வீட்டுப் பெண்ணிடம் நாங்கள் பார்த்த அத்தனையும் அப்படியே!

ஆக, நோயாளியின் ‘குணம்’ என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி பட்டினியின் விளைவு. எடை கூடிவிடுமோ என்ற பயம் தனி. அதற்கு மனநல சிகிச்சை வேண்டும். ஆனால் காய்ந்துகிடக்கும் மூளையிடம் புத்திமதி எடுபடாது. அதனால்தான் சிகிச்சையில் சாப்பாடு முதல் மருந்தாகிறது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழி சிகிச்சை, பிள்ளை என்ன, எவ்வளவு சாப்பிடுவது என்ற பொறுப்பைக் கொஞ்ச காலத்துக்குப் பெற்றோரிடம் கொடுக்கிறது. யார்மேலும் பழி போடுவதில்லை. தேறத் தேறப் பொறுப்பு பிள்ளையிடம் திரும்பும்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால், இன்சுலின் ஏறி, ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் செல்களுக்குள் போய்விடும். இதயம் தடுமாறலாம், உயிரே போகலாம். எனவே மிகவும் மெலிந்தவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில், இந்த உப்புகளை அளந்து அளந்துதான் உணவைக் கூட்ட வேண்டும்.

சரி, முன்னாலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? 1999-இல் இங்கிலாந்தில் வெளியான ஸ்காஃப் என்ற ஐந்து கேள்விகள் உதவும்:

1. வயிறு அளவுக்கு மீறி நிறைந்ததுபோல் இருக்கிறதென்று வாந்தி எடுக்கிறீர்களா?
2. எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது கைமீறிப் போய்விட்டதாகக் கவலைப்படுகிறீர்களா?
3. மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்தீர்களா?
4. மற்றவர்கள் ஒல்லி என்றாலும் குண்டாக இருப்பதாக நம்புகிறீர்களா?
5. சாப்பாடுதான் உங்கள் வாழ்க்கையை ஆள்கிறதா?

இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றால் மருத்துவர் விரிவாகப் பார்க்க வேண்டும். இது சந்தேகத்தை எழுப்பத்தான். நோயை உறுதிசெய்ய அல்ல.

எடையை மட்டும் நம்பக்கூடாது. அளவுமீறித் தின்று வாந்தி எடுக்கும் புலிமியாவில் எடை சாதாரணமாகவே இருக்கலாம். விரல் கணுக்களின் மேல் தழும்பு, அரித்த பல், வீங்கிய கன்னம் காட்டிக்கொடுக்கும். ரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதும் ஆறுதல் இல்லை. கடுமையாக மெலிந்தவர்களுக்கும் அது சரியாகவே வரலாம். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ வந்தாலும், நாடி மிகவும் தளர்ந்தாலும் காத்திருக்காதீர்கள்.

எங்கள் பெண் இப்போது தேறிவருகிறாள். அந்த எட்டு மாதத்தில் ஒருவராவது ‘அடம்’ என்ற சொல்லை விட்டுவிட்டு நாடியைப் பிடித்துப் பார்த்திருக்கலாம்.