முதுமையில் தசைத்தளர்ச்சியும் பயிற்சியும்

காஞ்சி மாநகரில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்கள் வழியே செல்வார் தறியொலி கேட்பர். குழித்தறியின் விளிம்பில் அமர்ந்து, கால்களைக் குழியினுள் வைத்துப் பட்டு நெய்யும் முதியோர் இன்றும் ஆண்டுளர். அன்னார் விரல்களின் விரைவை வியக்கும் நாம், அவர் தறியினின்று எழும் காட்சியை நோக்குவதில்லை. இரு கைகளையும் ஊன்றி, ஒருமுறைக்கு இருமுறை முயன்றே எழுவார் பலர். கை ஓயாது உழைத்தது. தொடையோ நாள் முழுதும் உடலைத் தாங்காதிருந்தது.

இதனை மூப்பின் இயல்பென்று விட்டுவிடலாமோ? முப்பது வயதிற்குப் பின் பத்தாண்டிற்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு தசை குறையுமென்றும், அறுபதிற்குமேல் அக்குறைவு விரைவுறுமென்றும் மருத்துவ நூலார் கூறுவர். விரைந்து சுருங்கும் தசைநார்களே மிகுதியாக மெலிகின்றன. கால் இடறியவழி உடலை நொடியில் நிலைநிறுத்துவன அவையே. அவை மெலியவே வீழ்ச்சியும் எலும்பு முறிவும் நேர்கின்றன. ரோசன்பர்க் என்னும் அறிஞர் இதற்குச் சார்க்கோபீனியா என்று பெயரிட்டு 1989-இல் எழுதினார். தசைக்குறை என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள்.

முதியவர் ஓய்ந்திருத்தலே நன்றென நம் இல்லங்களிற் கூறுவர். அன்பு மெய்யே, அறிவுரைதான் பிழை. பாஸ்டன் நகரத்து முதியோரில்லமொன்றில், தொண்ணூறு வயதினராகிய பதின்மர்க்கு எட்டு வாரம் காலாற் பளுத்தூக்கும் பயிற்சி அளித்துப் பியாட்டரோன் முதலிய மருத்துவர் 1990-இல் முடிவை வெளியிட்டனர். இறுதிவரை நின்ற ஒன்பதின்மரின் தொடை வலிமை சராசரி இரண்டரை மடங்கிற்கும் மேலாயிற்று. தொண்ணூறு வயதிலும் தசை அழைப்பிற்குச் செவிசாய்க்கின்றது!

நடை நன்றே, ஏகாம்பரநாதர் கோயிலை நாள்தோறும் வலம்வருதல் நெஞ்சிற்கு நலந்தரும். ஆயின் தசை வளரப் பளு வேண்டும். அப்பளு சிறிது சிறிதாக மிகவும் வேண்டும். வரதராசர் கோயிலில் அத்திகிரியின் 24 படிகளை ஏறுவார்க்கு இவ்வேறுபாடு சொல்லாமலே விளங்கும். வாரத்தில் இருநாளேனும் வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாளேனும் உடற்சமநிலைப் பயிற்சியும் முதியோர்க்கு வேண்டுமென 2020-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்தது.

இதற்குப் பொருட்செலவில்லை. சுவரோடு சேர்த்திட்ட உறுதியான நாற்காலியோ, முழங்காலளவு உயர்ந்த திண்ணையோ போதும். கைகளை மார்பிற் கட்டி, மெல்ல எழுந்து மெல்ல அமர்க. எட்டுப் பத்து முறை செய்து, இளைப்பாறி, மீண்டும் செய்க. எளிதானபின் கையில் நீர்ச்செம்பு ஏந்துக. பருப்பு, பால், முட்டை, மீன் இவற்றுள் இயன்றவை உணவிற் சேர்தல் வேண்டும். இருதய நோயுடையார் முதற்கண் மருத்துவரைக் கேட்பாராக.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் தம் பாட்டனார்க்கு இச்சோதனையைச் செய்து பார்க்கலாம்: கையூன்றாது ஐந்துமுறை எழுந்தமரப் 12 நொடியோ மிகுதியோ ஆயின், தொடை தளர்கின்றதென 2019-இல் ஆசிய மருத்துவர் குழுவினர் வரையறுத்தனர். எண்ணுவார் அருகில் நிற்க வேண்டும், நாற்காலி வழுக்கலாகாது.