மரத்திற்கேற்ற துறப்பண அலகு

மரத்தில் துளையிடுதல் தச்சுத் தொழிலில் மிகச் சிறிய வேலையாகத் தோன்றும். ஆயினும் நாற்காலியின் கால் கழன்று போவதற்கும், கதவின் கீல் தளர்ந்து தொங்குவதற்கும், திருகாணி இறக்கும்பொழுது நல்ல பலகை பிளந்து வீணாவதற்கும் பல சமயங்களில் பிழையான துளையே காரணமாகும். வில்லால் சுழற்றப்படும் துறப்பணத்தை நம் நாட்டுத் தச்சர்கள் தொன்றுதொட்டுக் கையாண்டு வந்தனர். அது மெல்லச் சுழன்றமையால், தவறு நேர்ந்தால் கையை நிறுத்த அவகாசம் இருந்தது. மின்சாரத் துறப்பணத்திலோ ஒரு கண நேரத்தில் மரம் பாழாகிவிடும். ஆகவே, தச்சர்கள் ‘பிட்’ என்று வழங்கும் துறப்பண அலகை ஆராய்ந்து தேர்ந்தெடுப்பது இன்றியமையாததாகும்.

மரத்தின் இயல்பு

உலோகம் எத்திசையிலும் ஏறக்குறைய ஒரே தன்மையுடையது. மரம் அத்தகையதன்று, அதன் நார்கள் ஒரே திசையில் நீண்டு கிடக்கின்றன. அலகு ஒருமுறை சுழலும்பொழுது அதன் வெட்டுமுனை இருமுறை நாரின் போக்கில் செல்கிறது. இருமுறை நாருக்குக் குறுக்கே செல்கிறது. குறுக்கே செல்லும் இடங்களில் நாரை முன்னரே அறுக்காவிட்டால், அது பெயர்ந்து கிழிந்து வரும். மரத்திற்கென அமைந்த அலகுகள் பலவற்றின் நுட்பம் இவ்வொன்றைத் தடுப்பதிலேயே அடங்கியுள்ளது.

அலகின் வகைகள்

முறுக்கு அலகு உலோகத்திற்கென உருவானது. அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் 1863ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். இதன் முனை பொதுவாக 118 பாகைக் கோணமுடையது. முனையின் நடுப்பகுதி வெட்டாமல் அழுத்துவதால், தொடக்கத்தில் அலகு குறியை விட்டு நழுவும். துளையின் விளிம்பும் பிசிறாகும். எனினும் திருகாணிக்குரிய சிறு துளைகளுக்கு இதுவே போதுமானது.

நடுமுனை அலகில் கூரிய ஊசிமுனை ஒன்று குறியில் ஊன்றி நிற்கிறது. விளிம்பிலுள்ள இரு பற்கள் நாரை வட்டமாக அறுத்த பின்னரே உள்ளிருக்கும் மரம் சீவப்படுகிறது. மரமுளைகள் பொருத்தும் இணைப்புகளுக்கு இது மிகவும் ஏற்றது.

நுனியில் திருகு அமைந்த நீண்ட அலகு, தானாகவே மரத்தினுள் இழுக்கப்பட்டுச் செல்லும். கையால் சுழற்றி ஆழமான துளையிட இது சிறந்தது. வேகமாகச் சுழலும் மின்சாரத் துறப்பணத்தில் இதனைப் பொருத்தினால், அலகு சிக்கிக் கருவியையே கையிலிருந்து முறுக்கிவிடக்கூடும்.

பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர் 1874இல் காப்புரிமை பெற்ற அலகு, நடுமுனையை நம்பாமல் தன் வட்ட விளிம்பினாலேயே வழிகாட்டப்படுகிறது. ஆதலால் கணு உள்ள இடத்திலும், பலகையின் ஓரத்திலும், அடிப்பாகம் தட்டையான துளையை இதனால் இடலாம். இதனைத் தாங்கியில் நிறுத்திய துறப்பணத்தில் குறைந்த வேகத்தில் ஓட்டுதல் நலம். தட்டையான மண்வெட்டி வடிவ அலகு மலிவானது, விரைவாக வெட்டும். ஆனால் துளை கரடுமுரடாக இருக்குமாதலின், மின்கம்பி செல்லும் வழி போன்ற மறைவிடங்களுக்கே அது தகும்.

மரமும் வேகமும்

தேக்கில் மணற்சத்தான சிலிக்கா கலந்திருப்பதால் வெட்டுமுனை விரைவில் மழுங்கும். கரி எஃகினும் உயர்வேக எஃகே அதற்கு ஏற்றது. தேவதாருவில் பிசின் கலந்த தூள் அலகின் பள்ளங்களை அடைத்துக்கொள்ளும். அடிக்கடி அலகை வெளியே இழுத்துத் தூளை நீக்க வேண்டும்.

வேகத்தை நிர்ணயிப்பது அலகின் விட்டமாகும். நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும் 6 மி.மீ. அலகின் விளிம்பு ஏறக்குறைய 57 மீட்டர் தூரம் செல்கிறது. அதே சுழற்சியில் 30 மி.மீ. அலகின் விளிம்பு 283 மீட்டர் செல்லும்; மரம் கருகும். அதனை 600 சுற்றுக்குக் குறைத்தால் இரண்டும் சமமாகும். கருகிய துளைச் சுவரில் பசை நன்கு ஊறிப் பற்றாது. வெளியே தெரியாத இக்குறையே பின்னர் இணைப்பு விட்டுப்போகக் காரணமாகிறது.

எட்டாம் எண் திருகாணியின் தண்டு சுமார் 4.2 மி.மீ. விட்டமுடையது. மேற்பலகையில் 4.5 மி.மீ. துளையும், கீழ்ப்பலகையில் கடின மரமாயின் 3 மி.மீ., மென்மரமாயின் 2.5 மி.மீ. துளையும் இடுதல் பொருந்தும்.

சகாரன்பூர் தரும் பாடம்

உத்தரப் பிரதேசத்திலுள்ள சகாரன்பூர், சீஷம் மரத்தில் செய்யும் செதுக்கு வேலைக்கும் சாளர வலைப்பின்னல் வேலைக்கும் பெயர் பெற்றது. வலைப்பின்னலில், நீக்கவேண்டிய ஒவ்வொரு கண்ணிலும் முதலில் ஒரு துளையிட்டு, அதன் வழியே மெல்லிய வாளைச் செலுத்தி அறுக்க வேண்டும். பல கண்கள் செம்மையாக முடிந்த பின்னர், ஒரு துளையின் பின்புறம் பெயர்ந்தாலும் பலகை முழுவதும் மதிப்பிழக்கும். இதனைத் தடுக்கும் வழி எளிது: பலகையின் பின்னே ஒரு கழிவுப் பலகையை இறுகப் பொருத்த வேண்டும், அல்லது நடுமுனை மறுபுறம் எட்டிப் பார்த்தவுடன் நிறுத்தி, அப்புறத்திலிருந்து துளையை முடிக்க வேண்டும்.

பேணலும் பாதுகாப்பும்

விளிம்புப் பற்களை உட்புறத்தில் மட்டுமே அராவ வேண்டும். வெளிப்புறம் அராவினால் அறுக்கும் வட்டம் சிறுத்து, அலகு துளையில் இறுகிவிடும். மரத்தை இடுக்கியில் பிணித்தே துளையிட வேண்டும். தொங்கும் ஆடையும் கையுறையும் ஆகா. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995இல் வெளியிட்ட ஆய்வுரையில் வகைப்படுத்தியுள்ளது. ஆதலின் மூக்கை மூடும் தக்க கவசமும், தூளை அப்புறப்படுத்தும் ஏற்பாடும் தேவை.

புதிய மரத்தில் வேலையைத் தொடங்குமுன், அதே மரத்தின் துண்டொன்றில் ஒரு துளையிட்டுப் பார்ப்பது நல்லது. விளிம்பு பிசிறின்றியும், சுவர் கருகாமலும், தூளாக அன்றிச் சீவலாகவும் மரம் வெளிவருமாயின் அலகும் வேகமும் பொருத்தமானவை என அறியலாம். அச்சிறு துண்டின் செலவு அற்பம். அது காக்கும் பலகையோ, வளர்வதற்குப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்ட ஒரு மரத்தின் பகுதியாகும்.