உரிமைக்கோரலின் பொருள்தெளிவும் மேல்முறையீட்டு ஆய்வும்: டெவா எதிர் சான்டோஸ் வழக்கை முன்வைத்து

முன்னுரை

காப்புரிமை ஆவணத்தில் கண்டுபிடிப்பாளரின் உரிமை எல்லையை வரையறுக்கும் பகுதி உரிமைக்கோரல் எனப்படும். அதன் சொற்கள் மயங்கின் உரிமையே செல்லாதாகும். துறை வல்லுநருக்கு அவ்வெல்லையை நியாயமான உறுதியுடன் உணர்த்தாத கோரல் செல்லாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் நாட்டிலஸ் எதிர் பயோசிக் வழக்கில் வகுத்தது. இத்தெளிவை மேல்முறையீட்டில் எவ்வாறு மதிப்பிடுவது என்பதை டெவா எதிர் சான்டோஸ் வழக்கின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

மயங்கிய தொடர்

கோபாக்சோன் மருந்து குறித்த கோரல், அதன் செயற்பொருளின் மூலக்கூறு எடையை 5 முதல் 9 கிலோடால்டன் என்றது. அப்பொருள் பல்வேறு எடையுடைய மூலக்கூறுகளின் கலவை. எனவே அத்தொடர் மிகுதியாகக் காணப்படும் மூலக்கூறின் எடை (உச்ச எடை), எண்வழிச் சராசரி, எடைவழிச் சராசரி ஆகிய மூன்றனுள் எதனையும் குறிக்கலாம். பலபொருள் ஒருசொல் வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளியும் என்பது தொல்காப்பியச் சொல்லதிகார நெறி. இங்குச் சார்பாக அமைந்த வரைபடமோ உச்ச எடையுடன் முழுதும் பொருந்தவில்லை. தரவை வரைபடமாக மாற்றுகையில் உச்சம் சற்றே இடம்பெயரும் என்ற வல்லுநர் சாட்சியத்தை விசாரணை நீதிமன்றம் ஏற்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனைப் பொருட்படுத்தாது, கோரல் தெளிவற்றது என்றது.

இருவகை ஆய்வு

2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இம்முறையைத் திருத்தியது. ஆவணத்தையும் அதன் பதிவுகளையும் மட்டும் கொண்டு துணியும் பொருள் சட்ட வினா. அதனை மேல் நீதிமன்றம் புதிதாக ஆராயலாம். புறச்சான்றால் விசாரணை நீதிமன்றம் துணிந்த உண்மையை வெளிப்படையான பிழை இருந்தாலன்றி மாற்றலாகாது. எனினும் இறுதிப் பொருள்கோள் சட்ட வினாவே.

மறு ஆய்வில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வல்லுநர் விளக்கத்தை ஏற்றும், அதே ஆண்டு ஜூனில் கோரல் தெளிவற்றது என்றே மீண்டும் முடிவுசெய்தது. தொடர்புடைய இரு விண்ணப்பங்களின் பரிசீலனையில் விண்ணப்பதாரர் அத்தொடருக்கு ஓரிடத்தில் எடைவழிச் சராசரி எனவும், மற்றோரிடத்தில் உச்ச எடை எனவும் பொருள் கூறியிருந்தமை இதற்குக் காரணங்களுள் ஒன்றாகும்.

முடிவுரை

ஒரு சொல் துறையில் எவ்வெப் பொருளில் வழங்கும் என்பதைப் புறச்சான்று நிறுவலாம். குறித்த பனுவல் அவற்றுள் எதனைக் கொண்டது என்பது வேறு வினா. கல்வெட்டு வழக்கைக் கொண்டு இலக்கியச் சொல்லுக்குப் பொருள் காணும் ஆய்விலும் இவ்விரு வினாக்களைப் பிரித்தறிதல் இன்றியமையாதது.